கடலுக்குச் சொன்ன அடையாளம்

பேரரசர் சோங்சென் ஆட்சியின் எட்டாம் ஆண்டு, மூன்றாம் மாதம், வளர்பிறை ஐந்து
ஹாய்-தெங்

பூன்-செங்குக்கு அம்மா எழுதுவது.

வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கே நலம்? உன் தம்பி நேற்றுக் காலையிலிருந்து வீட்டில் இல்லை. வாத்தியார் வீட்டுக்கும் போகவில்லை. அவன் படுக்கையில் தலையணைக்குப் போர்வையைச் சுற்றி ஆள் தூங்குகிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பத்தொன்பது வயதில் செய்கிற காரியமா இது?

உங்கள் கப்பல் இன்னும் ஆமோய்த் தீவுக்கு வெளியே காற்றுக்குக் காத்திருக்கிறது என்று படகுக்காரன் சொன்னான். கிம்-லாய் அங்கேதான் இருப்பான், என் வயிறு சொல்கிறது. இந்தப் படகிலேயே அவன் காதைப் பிடித்து ஏற்றி அனுப்பு.

உன்னை ஆறு வயதில் சிப்பி பொறுக்குகிறவர்களிடமிருந்து வாங்கி வந்து வளர்த்தது எதற்கென்று உனக்குத் தெரியும். இந்தத் தெருவில் கப்பலில் சரக்குப் போடுகிற எந்த வீடும் பெற்ற பிள்ளையைக் கடலுக்கு அனுப்பாது. வளர்ப்புப் பிள்ளை போவான். பெற்றவன் வீட்டில் இருந்து மூதாதையருக்கு விளக்கு ஏற்றுவான். இது ஊர் வழக்கம், நானாகக் கண்டுபிடித்தது இல்லை. உங்கள் அப்பாவும் இல்லாத வீட்டில் எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

உன் மனைவி இம்-நியோ மாங்காய் கேட்டு அழுகிறாள். இந்த மாதத்தில் மாங்காய்க்கு எங்கே போவேன்? கிம்-லாயை அனுப்பிவிட்டு மறுவேலை பார்.

அம்மா


மூன்றாம் மாதம், வளர்பிறை ஆறு
ஆமோய்த் தீவுக்கு வெளியே, கப்பலில்

அம்மாவின் கால்களில் விழுந்து எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அவன் இங்கேதான் இருக்கிறான். நேற்று மாலை பீங்கான் பெட்டிகளை இறுக்கிக் கட்டப் போனேன். வைக்கோலுக்குள் ஒரு கால் தெரிந்தது. இழுத்தால் முழு ஆள்.

"ஏன்டா, இங்க என்னடா பண்ற?"

"கொஞ்சம் தண்ணி குடு அண்ணே. திட்டறத அப்புறம் திட்டு."

அப்போதே இறக்கிவிட நினைத்தேன். கப்பல் தலைவர் விடவில்லை. "அம்மன் முன்னால கோழி அறுத்து, இத்தனை தலைன்னு எண்ணிச் சொல்லியாச்சு. வைக்கோலுக்குள்ள இருந்தாலும் இவனும் அதுல ஒரு தலைதான். இனிமே ஒருத்தன் இறங்கினா, ஆள் குறையுதேன்னு கடல் கேக்கும்" என்றார். நான் கெஞ்சினேன். சரி, கடலைக் காக்கிற மாட்சோ அம்மனையே கேட்போம் என்று, குறி கேட்கிற பிறைக் கட்டைகளை எடுத்தார். உருட்டிய ஒவ்வொரு முறையும் ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. அம்மன் சம்மதம் சொன்ன பிறகு நான் என்ன பேசுவது?

அம்மா, நான் எதற்காக இந்த வீட்டுக்கு வந்தேன் என்பதை ஒரு நாளும் மறந்ததில்லை. அவனை உங்கள் கையில் கொண்டுவந்து சேர்ப்பேன். தென்காற்று கிளம்பியதும் லூசோனிலிருந்து முதல் கப்பலாகப் புறப்படுவோம்.

இம்-நியோவுக்கு உப்பு எலுமிச்சை கொடுங்கள். மாங்காய்க்கு அது போதும்.

பணிவுடன்,
பூன்-செங்

(அம்மா, நான் கிம்-லாய். கன்னத்தில் அறைவதற்கு அண்ணனுக்கு அனுமதி கொடுத்து எழுதிவிடாதீர்கள். ஏற்கெனவே அறைந்துவிட்டான்.)


மூன்றாம் மாதம், வளர்பிறை எட்டு
ஹாய்-தெங்

பூன்-செங்குக்கு.

அம்மன் சம்மதம் சொன்னாளாம்! கட்டையை உருட்டினது யார், உங்கள் தலைவன்தானே? அவன் கை எனக்குத் தெரியாதா?

போகட்டும். காற்று திரும்பிவிட்டது, இந்தப் படகுதான் கடைசி என்கிறார்கள். கிம்-லாய்க்கு ஒரு பட்டுச் சட்டை அனுப்புகிறேன். அவனுக்குத் தோல் மெல்லிசு, முரட்டுத் துணி ஒத்துக்கொள்ளாது. உனக்குப் போன மாதம் நீலத் துணியில் ஒரே அளவாக இரண்டு தைத்தேனே, ஒன்று நீ போட்டுக்கொண்டு போனாய், மற்றது இங்கே பெட்டியில் இருக்கிறது. உன் சட்டைகளில் கழுத்துக்குப் பின்னால் சிவப்பு நூலில் வீட்டு அடையாளம் தைத்திருக்கிறேன். எந்தக் கரையில் ஒதுங்கினாலும் யார் வீட்டு ஆள் என்று தெரிய வேண்டும் அல்லவா? கிம்-லாய் சட்டையில் அது இல்லை. அவன் கடலுக்குப் போகிற ஆள் இல்லை. அந்த நூல் அவன் கழுத்தில் ஏற நான் விடமாட்டேன்.

காற்று அடித்தால் அவன் இடுப்பில் கயிறு கட்டு. மறுமுனையை நீ பிடித்துக்கொள், வேறு யாரிடமும் கொடுக்காதே. பாய்மரத்தில் ஏற விடாதே.

அவன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று எழுது.

அம்மா


நான்காம் மாதம், வளர்பிறை ஒன்பது
லூசோன், மணிலாச் சந்தைத் தெரு

அம்மாவின் கால்களில் விழுந்து எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க மாட்சோ அம்மன் அருள வேண்டும்.

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். வழியில் தம்பிக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. பாய் கட்டுகிறவர்கள் அவனுக்கு "வாந்தி வாத்தியார்" என்று பேர் வைத்துவிட்டார்கள். கரையைக் கண்டதும் எழுந்தான், அதன் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. ஸ்பானியர்களின் மொழியில் இப்போது பேரம் பேசுகிறான். பாதி வார்த்தை அவனே உண்டாக்கினது, ஆனாலும் அவர்கள் சிரித்துக்கொண்டே வெள்ளியை எடுத்து வைக்கிறார்கள். எனக்கு அந்த வாய் கிடையாது.

பட்டுச் சட்டையை அழுக்காக்குவதில்லை. அதோடுதான் தூங்குகிறான். சாப்பாடு நன்றாகச் செல்கிறது.

வியாபாரி கோவின் கப்பல் முந்திப் புறப்படுவதால் அவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

பணிவுடன்,
பூன்-செங்


ஐந்தாம் மாதம், தேய்பிறை இரண்டு
ஹாய்-தெங்

பூன்-செங்குக்கு.

உன் கடிதம் வந்தது. இம்-நியோவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருவரும் நலம். குழந்தைக்கு உன் மூக்கு, பாவம்.

முக்கியமான விஷயம் வேறு. சாயப்பட்டறைக்காரர் தன் இளைய மகளைக் கிம்-லாய்க்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். எட்டாம் மாதம் நிலா விருந்து முடிந்ததும் கல்யாணம். பையன் எங்கே என்று கேட்டார். கோயிலில் தங்கிப் படிக்கிறான் என்று கூசாமல் புளுகினேன். அவர் கண்ணில் படுவதற்குள் அவன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

சரக்கு விற்காவிட்டால் போகிறது, விட்டுவிட்டு வா. ஆறாம் மாதம் பிறந்தால் வானத்தை நம்ப முடியாது. உங்கள் அப்பா போனதும் ஆறாம் மாதத்தில்தான்.

கிம்-லாய் இளைத்திருந்தால் உன்னைத்தான் கேட்பேன்.

அம்மா


ஆறாம் மாதம், வளர்பிறை மூன்று
மணிலா

அம்மாவின் கால்களில் விழுந்து எழுதுகிறேன். மகள் பிறந்த செய்தியை இரண்டு முறை படித்தேன். மூக்குக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வியாபாரி ஓங்கின் பழைய கப்பல் நாளை புறப்படுகிறது. நாங்கள் ஐந்து நாள் கழித்து. அது ஆமை மாதிரி நகரும் என்பதால், இந்தக் கடிதத்துக்கு முன்னால் நாங்களே வந்து நின்றாலும் நிற்போம். ஆனாலும் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் உங்கள் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று எழுதுகிறேன்.

தம்பி பட்டுச் சட்டையைக் கொடுத்து ஒரு வெள்ளைக் கிளி வாங்கிவிட்டான். தலையில் மஞ்சள் கொண்டை. "அம்மா தனியா இருக்காங்க, பேச்சுத் துணைக்கு ஆகும்" என்கிறான். கிளி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. என் விரலைக் கடித்தது, அவ்வளவுதான்.

வெறும் உடம்போடு திரிந்தவனுக்கு என் நீலச் சட்டையைக் கொடுத்தேன். நான் ஒரு பழைய சாக்குத் துணிச் சட்டையை வைத்துச் சமாளிக்கிறேன். அவன் அந்த நீலச் சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்கிறான். அம்மா அந்தச் சிவப்பு நூல் உன் கழுத்தில் ஏறக் கூடாது என்றார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "இத்தனை வருஷமா உன் கழுத்துல இருந்துச்சே, உனக்குக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டான்.

பணிவுடன்,
பூன்-செங்

(அம்மா, கிம்-லாய். சட்டைக்காக அண்ணனைத் திட்டாதீர்கள், என்னைத் திட்டுங்கள். இப்போது பின்னால் இருந்து பார்த்தால் நான் அப்படியே அண்ணன்தான். சுக்கான் பிடிக்கிறவர் காலையில் "டேய் பூன்-செங், இந்த வடத்தைப் பிடி" என்று என்னைக் கூப்பிட்டார். திரும்பாமல் போய்ப் பிடித்தேன். எனக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? கல்யாணத்துக்குச் சம்மதம். ஆனால் கல்யாணம் ஆன பிறகும் கடலுக்குப் போவேன், முறை வைத்துக்கொள்வோம், ஒரு வருடம் அண்ணன், ஒரு வருடம் நான். இதை நேரில் சொல்ல பயமாக இருக்கிறது, அதனால் இங்கேயே எழுதிவிட்டேன்.)


ஆறாம் மாதம், தேய்பிறை நான்கு
ஹாய்-தெங்

பூன்-செங்குக்கு, எங்கே இருக்கிறாயோ அங்கே.

காற்றில் திசை தப்பின கப்பல்கள் நாகசாகியில் போய் ஒதுங்குவதுண்டு என்று சொல்கிறார்கள். அங்கே போகிற ஒருவர் கையில் இதைக் கொடுக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் அங்கே கட்டியிருக்கிற கோயிலில் வைப்பாராம். நீ உயிரோடு இருந்தால் கோயிலுக்கு வருவாய்.

போன பௌர்ணமியன்று இங்கே அடித்த காற்றை என் ஆயுளில் பார்த்ததில்லை. ஓடுகள் காகம் மாதிரிப் பறந்தன. மீன் சந்தையின் கூரை நம் கிணற்றுக்குள் கிடக்கிறது. உங்களோடு புறப்பட்ட கப்பல்களில் ஒன்று பாதி உடைந்து வந்தது. உங்கள் கப்பலை அன்று விடியும்போது பார்த்தார்களாம், அதற்குப் பிறகு பார்க்கவில்லையாம். ஓங்கின் கப்பலைப் பற்றியும் ஒரு சேதியும் இல்லை. ஐயோ, இந்தக் கடலில் இடி விழ!

நான் செய்ததை மறைக்க மாட்டேன். காற்று அடிக்க அடிக்கக் கோயில் பூசாரியைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆளுக்கு ஆள் கொடுத்தால் கடல் விடும். பெரியவர்கள் காலத்திலிருந்து செய்கிறதுதான். வைக்கோலில் ஆள் கட்டினோம். பெட்டியிலிருந்த உன் மற்ற நீலச் சட்டையை எடுத்துப் போட்டேன்.

இம்-நியோ பச்சைக் குழந்தையோடு பின்னாலேயே ஓடி வந்துவிட்டாள். "அத்தை, அது அவரோட சட்டை."

"தெரியும்டி. வைக்கோலுக்குத்தானே போடறேன்?"

பூசாரி கேட்டார்: "பேரும் பொறந்த நேரமும் சொல்லுங்கம்மா. அடையாளமும் சொல்லுங்க. கடல் தப்பா எடுத்துடக் கூடாது."

நான் உன் பேரைச் சொன்னேன். உன் நேரத்தைச் சொன்னேன். "நீலச் சட்டை. கழுத்துக்குப் பின்னால செவப்பு நூல்ல எங்க வீட்டு அடையாளம். இவனை எடுத்துக்கோ, மத்தவனை விடு" என்றேன். இம்-நியோ என் காலைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டாள். பொம்மையைக் கடலில் எறிந்ததும் முழுகிப் போனது. பூசாரி நல்ல சகுனம் என்றார்.

பொம்மை போனதோடு சரி, உனக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். நீ இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். நீ எப்போதும் எதையும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

கிம்-லாய் எப்படி இருக்கிறான்?

அம்மா


ஏழாம் மாதம், வளர்பிறை ஏழு
நாகசாகி

அம்மாவின் கால்களில் விழுந்து எழுதுகிறேன். வீடு நிற்கிறதா, கூரை இருக்கிறதா என்ற கவலையோடு இருக்கிறேன்.

கப்பல் தப்பியது. முதல் புயல் லூசோனின் வடமுனையைத் தாண்டும்போது அடித்தது. அதில் சுக்கான் பிளந்தது. வடம் போட்டு இறுக்கிக் கட்டினோம். இதோடு விட்டது என்று கஞ்சி காய்ச்சினோம். பௌர்ணமியன்று இரண்டாவது அடித்தது. அது காற்றே இல்லை அம்மா, சுவர். கப்பல் ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. பெரிய பாய்மரத்தை வெட்டித் தள்ளினால்தான் நிமிரும் என்று தலைவர் சொன்னார். மரம் போனது. நிமிர்ந்தது. பிறகு மரம் இல்லாமல், காற்று கொண்டுபோன பக்கம் வடக்கே போனோம். குடிதண்ணீர் தீர்ந்து, பாயில் ஊறிய மழைத் தண்ணீரைப் பிழிந்து குடித்தோம். ஜப்பான்காரர்களின் மீன் படகுகள் பார்த்து இழுத்து வந்தன.

சரக்கில் பாதி இருக்கிறது. வெள்ளி முழுவதும் இருக்கிறது. புது மரம் சீவிக்கொண்டிருக்கிறார்கள், வடகாற்று வந்தால் புறப்படலாம்.

வடம் உருவி என் இரண்டு உள்ளங்கையிலும் தோல் போய்விட்டது. அதனால் எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னியுங்கள்.

நிங்போ துறைமுகத்துக்குப் போகிற கப்பலில் இதை அனுப்புகிறேன்.

பணிவுடன்,
பூன்-செங்


எட்டாம் மாதம், வளர்பிறை பத்து
ஹாய்-தெங்

பூன்-செங்குக்கு.

கப்பல் தப்பியது என்றதும் தெருவே கூடிவிட்டது. பட்டாசு வெடித்தார்கள். தலைவன் வீட்டில் பன்றி அறுத்தார்கள். இம்-நியோ சிரித்ததை நாலு மாதம் கழித்துப் பார்த்தேன்.

நான் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். சுக்கானைப் பற்றி எழுதியிருக்கிறாய். மரத்தைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, வெள்ளியைப் பற்றி எழுதியிருக்கிறாய். கடிதத்தின் அடியில் அவன் கிறுக்கல் இல்லை. ஒரே ஒரு பேர் அதில் எங்கேயும் இல்லை.

சாயப்பட்டறைக்காரர் இன்று காலை வந்து, "மாப்பிள்ளை எப்போ வர்றார்?" என்றார். பலகாரம் கொடுத்து அனுப்பினேன்.

கால் உடைந்திருந்தாலும் சரி, கண் போயிருந்தாலும் சரி. எழுது. ஒரு வார்த்தை போதும்.

அம்மா


ஒன்பதாம் மாதம், வளர்பிறை இரண்டு
நாகசாகி

அம்மாவின் கால்களில் விழுந்து எழுதுகிறேன்.

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் என் கைக்கு வந்தன. கோயிலில் வைத்ததைப் பூசாரி எடுத்துக் கொடுத்தார். நிங்போ வழியாக வந்ததைத் தலைவர் கொடுத்தார்.

தம்பி இல்லை அம்மா.

பௌர்ணமியன்று மரத்தை வெட்ட வேண்டும் என்றபோது, அடியில் வெட்டுவதற்கு முன்னால் ஒருவன் மேலே ஏறிப் பாயின் வடங்களை அறுக்க வேண்டியிருந்தது. தலைவர் என் பேரைச் சொன்னார். நான் கோடாரியை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அவன் எடுத்துவிட்டான்.

"டேய், குடுடா."

"எப்பவும் நீயே போவியா? தள்ளு அண்ணே."

நீங்கள் சொன்னபடி அவன் இடுப்பில் கயிறு இருந்தது. மறுமுனை என் கையில் இருந்தது, வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. அவன் கடைசி வடத்தை அறுத்துவிட்டான். நன்றாகத்தான் செய்தான், யாரும் அவனை "வாந்தி வாத்தியார்" என்று இனிமேல் சொல்ல மாட்டார்கள். இறங்கும்போது ஓர் அலை வந்தது. மரம் அடியோடு முறிந்து அவனோடு போனது. நான் கயிற்றை விடவில்லை அம்மா. கயிறுதான் என் கையை உரித்துக்கொண்டு போனது.

அவன் நீங்கள் அனுப்பிய பட்டுச் சட்டையைத்தான் போட்டிருந்தான். நீலச் சட்டை என் உடம்பில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கரையில் நீங்கள் செய்ததற்கும் இங்கே நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை எண்ணி வருந்த வேண்டாம். எனக்கும் மனதில் ஒன்றும் இல்லை.

கொண்டுவந்து சேர்ப்பேன் என்று சொன்னேன், சேர்க்கவில்லை. வீட்டுக்கு வரலாமா? நீங்கள் சொன்னால்தான் வருவேன். இம்-நியோவையும் குழந்தையையும் வெளியே அனுப்பிவிடாதீர்கள்.

பூன்-செங்


பதினோராம் மாதம், தேய்பிறை ஆறு
ஹாய்-தெங்

பூன்-செங்குக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் போன மாதம் வந்தது. உடனே பதில் எழுதவில்லை. பட்டுச் சட்டை என்று எழுதியிருந்தாயே, அதைப் பிடித்துக்கொண்டு நாட்களை ஓட்டினேன். பட்டு உடுத்தித்தான் போனான், நான் கொடுத்ததை உடுத்தித்தான் போனான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

இந்த மாதம் ஓங்கின் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கப்பல் அதே காற்றில் பெங்கூத் தீவுப் பாறையில் ஏறி உடைந்து, மீன்காரர்களின் தயவில் பிழைத்துக் கிடந்திருக்கிறார்கள். கடிதப் பையை மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். அதில் உன் ஆறாம் மாதத்துக் கடிதம் இருந்தது.

கிளி. பட்டுச் சட்டையைக் கொடுத்து வாங்கின வெள்ளைக் கிளி.

உனக்குப் பொய் சொல்ல வராது பூன்-செங். சின்ன வயதிலேயே வராது. சொன்னாலும் ஏதாவது ஒரு மூலையில் வெளியே தெரியும்படி விட்டுவிடுவாய்.

கடல் ஏமாற்றவில்லை. தப்பாகவும் எடுக்கவில்லை. நீலச் சட்டை, கழுத்தில் சிவப்பு நூல் என்று நான்தான் வாயால் சொன்னேன். சொன்ன ஆளை எடுத்துக்கொண்டது. மற்றவனை விடு என்றேன், விட்டுவிட்டது.

முந்தாநாள் அவன் உயிரை வீட்டுக்கு அழைத்து அடக்கம் செய்யக் கரைக்குப் போனோம். அவனுடைய பள்ளிக்கூடச் சட்டையை மூங்கிலில் கட்டி, கிம்-லாய், வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். பூசாரி கட்டையை உருட்டினார். வரவில்லை என்று விழுந்தது. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பெற்றவள் கூப்பிடுகிறேன், வா என்றேன். கட்டை மறுபடியும் மறுபடியும் இல்லை என்றே சொன்னது. இருட்டிக்கொண்டு வந்தது.

அப்போது இம்-நியோ பக்கத்தில் வந்தாள். "அத்தை, அன்னிக்கு என்ன பேர் சொல்லிக் குடுத்தீங்களோ, அதே பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள்.

கூப்பிட்டேன். பூன்-செங், வா என்றேன்.

முதல் உருட்டிலேயே சம்மதம் விழுந்தது.

அதனால் மலையடிவாரத்தில் உன் பேர் வெட்டின கல் நிற்கிறது. அடியில் இருப்பது என் பிள்ளை. ஒவ்வொரு வருடமும் நான் அவனுக்குச் சோறு வைக்கும்போது உன் பேரைச் சொல்லித்தான் வைக்க வேண்டும். அவன் பேரைச் சொல்லி அழ எனக்கு ஒரு கல் கூட இல்லை. இதைச் செய்தது கடல் இல்லை, நான்.

நீ வரலாமா என்று கேட்டிருந்தாய். வா. உன் கல்லைப் பார்த்துப் பயப்படாதே. இந்தத் தெருவில் உன்னைப் பழைய பேரால் கூப்பிட முடியாது, கூப்பிட்டால் அது அவனுக்குப் போய்விடும். வேறு பேர் வைக்கலாம் என்று பூசாரி சொல்கிறார். உன்னைப் பெற்றவள் சிப்பிக் கரையில் உனக்கு ஒரு பேர் வைத்திருப்பாளே. நான் அதைக் கேட்டதே இல்லை. உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது, அந்தப் பேரிலேயே கூப்பிடுகிறேன்.

இனிமேல் யாரையும் கடலுக்கு அனுப்ப மாட்டேன். கப்பலில் சரக்கும் போட மாட்டேன்.

உன் மகளுக்கு இரண்டு பல் வந்திருக்கிறது. கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள். இம்-நியோ நலம், ஆனால் என்னோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை.

உன் கைகள் உரிந்துவிட்டன என்று ஏழாம் மாதமே எழுதியிருந்தாய். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். புண் ஆறிவிட்டதா? விரல்களை முழுசாக மடக்க முடிகிறதா? எழுது.

அம்மா